அக்காவின் மரண அறிவித்தல்

எங்கள் படுவான்கரை ஊரில் ஒருவர் செத்தால், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பது என் கணவரும் நானும்தான். அவர் ஓட்டுவார், நான் வாசிப்பேன். ஆயுள் முழுக்க எங்கள் பேச்சைப் பேசிய ஒருவர், கண்ணை மூடியதும் அறிவித்தலில் புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார். பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட அன்னார் காலமானார்! ஒருமுறை வாய் தவறி, "பெரியவர் செத்துப்போனார்" என்றேன். மகள்மார் ஆட்டோவை மறித்துவிட்டார்கள்.

"எங்கட அப்பா என்ன ஆடா மாடா, செத்துப்போக?"

போன மாரியில் குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இருட்டுவதற்குள் வாவிக்கரை வீடுகளில் ஒருவரும் இருக்கக்கூடாது. அறிவிக்கச் சொல்லி கிராம சேவகர் எங்களிடம் ஒரு தாளும் தந்தார். கரையோரத்துக் கடைசி வீட்டில் அக்கா தனியாக இருக்கிறாள்.

"மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்" என்று வாசித்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைக் கசக்கி எறிந்துவிட்டு எங்கள் பேச்சிலேயே கத்தினேன்.

"வான்கதவு திறந்தாச்சு கா! மாட்ட அவுத்து விட்டிட்டு கெதியா பள்ளிக்கூடத்துக்கு வாங்க!"

படலையில் நின்ற ஒருவர் சிரித்தார். "இது இவட கதை. கவுமெண்டு இப்பிடியா சொல்லும்?"

அக்கா வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இறங்கி ஓடிக் கூப்பிட்டேன்.

"வருசா வருசம் இதைத்தானே சொல்றாய்? போடி, மாட்டுக்கு வைக்கல் போடணும்" என்று பின்பக்கம் போய்விட்டாள். அவளை இழுத்துவர எங்கள் இருவராலும் ஆகாது. தண்ணீர் ஆட்டோச் சக்கரத்தை நனைத்தது. கணவர், "இனி நிண்டா நாமளும் போக ஏலாது" என்றார்.

ஒலிபெருக்கியை எடுத்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"மரண அறிவித்தல். வாவிக்கரையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட எனது அன்புச் சகோதரி இன்று வெள்ளத்தில் அகப்பட்டுக் காலமானார்."

என் குரல் உடைந்தது. நடிக்கவில்லை. ஐயோ, அந்தக் கணம் அவள் உண்மையாகவே போய்விட்ட மாதிரி இருந்தது.

வீடு வீடாகச் சனம் ஒழுங்கைக்கு ஓடி வந்தது. தண்ணீரைக் கண்டது. அக்கா கையில் வைக்கோலோடு பாய்ந்து வந்தாள்.

"நாசமாப்போனவளே! நான் செத்திட்டனாடி?"

"இன்னும் இல்ல. ஏறு!"

ஏறினாள். மற்றவர்களும் பிள்ளைகுட்டிகளோடு பின்னால் வந்தார்கள். விடிந்து பார்த்தால் அவள் வீட்டில் கூரை மட்டும் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். சோறு கொடுத்தபோதுதான் திரும்பினாள்.

"நான் உண்மையாச் செத்தாலும் அப்பிடியே வாசி, என்ன? செத்துப்போனாள் எண்டு மட்டும் சொல்லிப்போடாத."