பதினோரு நாள் அமுக்காத பட்டன்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வந்தபோது, அதைப் பொருத்த வந்த மேடம் ஒரு மணி நேரம் பேசினார். இதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், குறை கண்டால் திருத்தலாம், ஒளிவு மறைவே கிடையாது என்றார். எங்கள் அலுவலகத்தில் பீரோவையே யாரும் திறப்பதில்லை. சாவி யாரிடம் என்பதில் இரண்டு கருத்து உண்டு. எல்லோரும் தலையாட்டினோம். வடை நன்றாக இருந்தது.

மறுநாளே ஆரம்பித்தோம், எங்கள் முறைப்படி. இணையத்தில் வரும் ஒவ்வொரு மனுவையும் அச்செடுப்பேன். தன்பதிவேட்டில் எண் போட்டு எழுதுவேன். கோப்பில் வைத்து, டேப் நாடாவால் முடிச்சுப் போட்டு, அதிகாரி அறைக்கு அனுப்புவேன். அவர் சுருக்கொப்பம் போட்டுக் கோப்பு திரும்பி வந்தால்தான் கணினியில் 'மேலனுப்பு' பட்டனை அமுக்குவேன். அவர் காகிதத்தில் பார்க்காததைத் திரையில் அனுப்புவது மரியாதையில்லை. பதினைந்து நாள் ஆகாமல் அவருக்கு நினைவூட்டுவதும் வழக்கமில்லை.

மேடம் போகும்போது வராந்தாவில் ஒரு திரையை மாட்டிவிட்டுப் போயிருந்தார். எந்த மனு எந்த ஊழியரின் சீட்டில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.40க்கு, கல்வராயன் மலையிலிருந்து வந்த ஓர் அம்மா நேராக என் மேஜைக்கு வந்தார். மகளுக்குச் சாதிச் சான்று வேண்டும். மறுநாள் கல்லூரியில் சேரக் கடைசி நாள்.

"உங்க சீட்டுலதான் பதினோரு நாளா இருக்குதாம் சார். வெளிய டிவியில போட்டுக்கினு இருக்காங்க."

"அது தப்பும்மா. வந்த அன்னிக்கே மேல போயிடுச்சு" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். தேதி, நேரம், எண், எல்லாம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் என் பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது.

"அப்ப டிவி பொய் சொல்லுதுங்களா?"

மேடத்துக்குப் போன் செய்தேன். கோப்பு என் மேஜையை விட்டுப் போனதும் என் சீட்டு திரையிலிருந்து போய்விட வேண்டும், மாற்றித் தாருங்கள் என்றேன்.

"தாராளமா மாத்தலாம் சார். யார் கேட்டாங்க, எதுக்குக் கேட்டாங்கன்னு நிரல் கூடவே எழுதி வெப்போம். எல்லாரும் படிக்கலாம். காரணம் சொல்லுங்க."

எழுதக்கூடிய காரணம் எதுவும் தோன்றவில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன்.

கோப்பைத் தேடி அதிகாரி அறைக்குப் போனேன். அவருடைய புது மானிட்டர் கண்ணுக்கு நேராக, அழகான உயரத்தில் இருந்தது. அடியில் ஏழு கோப்புகள். மேலிருந்து மூன்றாவதில் நான் போட்ட முடிச்சு.

"ஐயா, அந்தக் கோப்பு..."

"இழுக்காதய்யா, சாய்ஞ்சுடும். கழுத்து வலி ஜாஸ்தியாயிடுச்சுன்னு வெச்சிருக்குது. இன்னா அவசரம்?"

சொன்னேன்.

"அதான் கம்ப்யூட்டர்ல இருக்குமே, அனுப்பேன்யா" என்றார், பதினோரு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தவர் போல.

திரும்பி வந்து பட்டனை அமுக்கினேன். அவர் அங்கே படித்துவிட்டு ஒரு பட்டனை அமுக்கினார். 11.25க்குச் சான்று அச்சாகி வந்தது. அந்த அம்மா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"இம்மாந்தானா சார்? இத அமுக்கவா பதினோரு நாளு?"

சான்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல் கச்சிராயபாளையம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

வராந்தாத் திரையில் என் சீட்டுக்கு நேரே இன்னும் பதினான்கு மனுக்கள் இருந்தன. சாப்பாட்டுக்கு முன்பே எல்லாவற்றையும் அனுப்பினேன், ஒரு சுருக்கொப்பமும் இல்லாமல். பிறகு தன்பதிவேட்டை மூடி, என் மானிட்டருக்கு அடியில் வைத்தேன். உயரம் சரியாக இருந்தது.