சம்பந்தியம்மாவுக்கு வெங்காயத்தாள் ரொட்டி

என் அக்கா கிரிஜாவின் வீட்டில் ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிடும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. மற்ற எல்லோருக்கும் அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். கடல் கடந்து இந்தப் பென்டில் ஹில்லுக்குக் குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எல்லோரும் கைகழுவிய பிறகு கடைசி தோசையை அடுப்படியில் நின்றபடியே தின்று முடிப்பாள். "உக்காந்து சாப்பிட்டா குறைஞ்சா போயிடுவே?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய்தான் வலித்தது.

அவளுக்குப் போன மாதம் ஒரு கவலை வந்தது. மகன் விவேக்கின் மனைவி லின் சீனப் பெண். கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறாள். நாம் பேசும் தமிழ் புரியும், அவள் பேசுவது ஆங்கிலத்தில். விசா கிடைக்காமல் கல்யாணத்துக்கு வர முடியாத அவளுடைய அம்மா, அப்போதுதான் சீனாவின் ஷான்டாங்கிலிருந்து முதல்முறையாக வரவிருந்தார்.

"பொண்ணு எப்படி இருக்கான்னு பார்க்கத்தான் வர்றாங்க பிரவீணா. அவங்க நிம்மதியாத் திரும்பிப் போகணும்டி" என்றாள். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, அவர்கள் ஊர் வெங்காயத்தாள் ரொட்டியைத் தன் கையாலேயே செய்து போடுவது.

பரோட்டா மாதிரிதானே என்று முதல்முறை பச்சைத்தண்ணீரில் பிசைந்தாள். செருப்புத் தோல் தோற்றது. பழனிசாமி அத்தான் மட்டும் "நல்லாத்தான் இருக்கு" என்று மென்றார். பாவம், அவருக்கு வேறு வழி ஏது? கொதிக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று லின் சொன்னாள்.

"அட, இடியாப்ப மாவுக்கு ஊத்துற மாதிரியா! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அதன்பிறகு அக்காவுக்குக் கை வந்துவிட்டது. மாவைத் தேய்த்து, எண்ணெய் தடவி, உப்பும் வெங்காயத்தாளும் தூவி, பாய் போலச் சுருட்டி, அதை வட்டமாகச் சுற்றி, மறுபடி தேய்ப்பாள். பெருங்காயம் போடப் போன கையை நான்தான் தட்டிவிட்டேன்.

அவர் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீடு இருக்கும் பிளாக்டவுனிலிருந்து போயிருந்தேன். சம்பந்தியம்மா மெலிந்த, அமைதியான மனுஷி. அத்தான், விவேக், நான், அவர் எல்லோரும் மேசையில் உட்கார்ந்தோம். அக்கா கல்லுக்கு முன்னால் நின்றாள். லின் ஒவ்வொரு ரொட்டியாக எடுத்துவந்து வைத்தாள். வாசனை பிரமாதம். சம்பந்தியம்மா தொடவே இல்லை.

அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நிறம் சரியில்லையோ? உப்பு கூடிப்போச்சா? கேளு லின்."

லின் கேட்டாள். பதில் வந்தது. "அத்தை உட்காரட்டும், அப்புறம் சாப்பிடுகிறேன் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அவ அப்புறமா சாப்பிடுவா. நீங்க ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றார் அத்தான், வெகு இயல்பாக. விவேக்கும் தலையாட்டினான்.

லின் அதையும் மொழிபெயர்த்தாள். சம்பந்தியம்மா அடுப்படியில் நின்ற அக்காவைப் பார்த்தார். கையில் தட்டோடு நின்ற தன் மகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"என்னம்மா கேட்டாங்க?" என்றாள் அக்கா.

"நானும் இந்த வீட்டில் இப்படித்தான் நின்றுகொண்டு இருக்கிறேனா என்று கேட்கிறார்" என்றாள் லின்.

மரியாதை என்று நினைத்து ஒரு மாதமாகப் பாடுபட்டவள் அக்கா. அவள் படும் பாட்டையே பார்த்து ஒரு தாய் பயந்துபோயிருக்கிறார்.

அக்கா அடுப்பை அணைத்தாள். லின்னின் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். அவளை அவள் அம்மாவுக்கு அருகில் உட்காரவைத்து, மறுபக்கம் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ போய்ப் போடுடா" என்றாள் விவேக்கிடம். அவன் எழுந்து போனான். அத்தானும் மாவு தேய்க்கிறேன் என்று பின்னாலேயே போனார்.

அப்போதுதான் சம்பந்தியம்மா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றுவிட்டு அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

விவேக் போட்ட முதல் ரொட்டி கோணலாக, ஒரு பக்கம் கருகி வந்தது. அதை அக்காவின் தட்டில் வைத்தான். அக்கா ஊதி ஊதித் தின்றாள். கண் கலங்கியிருந்தது.

"என்னக்கா?"

"சூடா இருந்தா வேற ருசிடி" என்றாள்.