மனு நிலுவையில் இருந்த வரை

பிரெஞ்சு சிவில் சட்டம் இதில் தெளிவாகவே இருந்தது: இறந்தவரின் சொத்தை ஏற்பவர் அவருடைய கடமைகளையும் ஏற்கிறார். அவர் விட்டுப்போன குழந்தையின் ஜீவனாம்சமும் அதில் அடக்கம். வேண்டாமென்றால் சொத்துப் பட்டியல் எடுக்க மூன்று மாதம், யோசிக்க நாற்பது நாள். அதற்குள் நீதிமன்றப் பதிவகத்தில் மனுக் கொடுத்து வாரிசுரிமையைத் துறந்துவிடலாம். தாத்தா காலத்திலேயே இந்து வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரக் கையெழுத்துப் போட்ட குடும்பம் எங்களுடையது. துறப்பது எங்களுக்குப் புதிதல்ல.

அப்பா 1956 தொடக்கத்தில் இறந்தார். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்ணிடம் அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு மாதம் பதினைந்து ரூபாய் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் அவருக்கு உத்தரவிட்டிருந்தது. அவர் விட்டுச்சென்ற சொத்து ஒரு தகரப் பெட்டி, இரண்டு கோட்டு, ஒரு சைக்கிள். வீடு அம்மாவுடையது. நான் ஒரே மகன், அரசு அலுவலகத்தில் எழுத்தர். யோசிக்க நாற்பது நாள் தேவைப்படவில்லை.

இருந்தும் கெடு முடிய ஓரிரு நாளே இருக்க, நூற்றிருபத்தெட்டாம் நாள் அரைநாள் விடுப்பு எடுத்து, மனுவை மூன்று பிரதி எழுதிக்கொண்டு பதிவகத்துக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அங்கிருந்த குமாஸ்தா மனுவைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சைக்கிள் நல்லா இருக்கே. யாருது?"

"அப்பாவோடது."

"அதுல ஏறியா வந்தீங்க?"

"ஆமா."

"அப்போ ஏத்துக்கிட்டீங்க. செத்தவரு பொருள வாரிசு மாதிரி பொழங்கிட்டா துறக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பலருக்கு நானே அதை விளக்கியிருக்கிறேன்.

"நீங்க பாக்கலன்னு வச்சுக்கலாமே, முசியே."

"பாத்துட்டனே."

துறக்கப் போவதற்காகச் சைக்கிளில் ஏறியது ஏற்றுக்கொண்டதாகாது என்று அங்கேயே ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அது மேலிடத்தின் முடிவுக்குப் போனது. பதில் வரும் வரை நான் கொடுத்தாக வேண்டும்.

முதல் தேதியன்று அந்த மீன்காரப் பெண் வாசலில் கூடையை இறக்கினாள். பணத்தோடு ஒரு ரசீதையும் நீட்டினேன்: 'தற்காலிகமாக, துறப்பு மனுவின் முடிவுக்கு உட்பட்டு.'

"உங்கப்பா ரசீதெல்லாம் கேக்க மாட்டாரு தம்பி."

"அவரு பணமே குடுக்கல. அதனாலதான கோர்ட்டுக்குப் போனீங்க?"

"அதுவும் சரிதான். பொண்ணு கையெழுத்துப் போட்டுத் தருவா. ஆனா ஒண்ணு, பணம் நின்னா பள்ளிக்கூடமும் நிக்கும். அப்புறம் இந்தக் கூடதான் அவளுக்கு. சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "வூடு பூரா மீனு வாட. எப்படா பதில் வரும்?"

"வந்துடும்மா."

அடுத்த மாதம் மகள் கையெழுத்திட்ட ரசீதின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'துறப்பு மனு என்றால் என்ன?' இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பினேன். அதற்கடுத்த ரசீதில்: 'அப்படியானால் நீங்கள் ஜெயித்தால் எனக்குக் கூடையா?'

'ஆம்' என்று எழுதினேன். சட்டப்படி வேறு சரியான பதில் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் தொந்தரவு தாங்காமல் மேலிடத்துக்கு நினைவூட்டல் எழுதினேன். கோப்பு எண் போடாத நினைவூட்டல், எண்ணை யாராவது தேடிக் கண்டுபிடிக்கும் வரை அலமாரியில் இருக்கும். யாரும் தேடுவதில்லை. எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு அலமாரி உண்டு, அதன் சாவி என்னிடம்தான் இருந்தது. என் நினைவூட்டல்களில் தேதி, பொருள், பணிவான வணக்கம் எல்லாம் இருந்தன. எண் மட்டும் இல்லை. பிரதியை அம்மாவிடம் படித்துக் காட்டுவேன். நல்ல கடிதம் என்பாள்.

1962 ஜூலை முதல் தேதி மகளே வந்தாள். அரியாங்குப்பத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இனிமே வேணாம் அண்ணே. சம்பளம் வாங்கிட்டேன்."

"உத்தரவுப்படி உனக்கு இருபத்தோரு வயசு ஆவணும்."

"நீங்கதான் துறந்துட்டீங்களே?"

"இன்னும் பதில் வரல."

மேசையில் கிடந்த நினைவூட்டல் பிரதியை எடுத்து வகுப்பில் நோட்டுத் திருத்துவது போலப் படித்தாள்.

"இதுல கோப்பு நம்பரே இல்லியே."

"மறந்துட்டேன்."

"ஆறு வருஷமாவா?"

அவள் பிரதியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் எண்ணோடு எழுதினேன். துறப்பு ஏற்கப்பட்டது, மனுக் கொடுத்த நாளிலிருந்தே செல்லும் என்ற பதில் ஒரே வாரத்தில் வந்தது: 1962 ஜூலை 9, திங்கட்கிழமை.