கொடி விரியாத மூன்று நாள்

கலங்கரை விளக்கத்தில் வேலை என்றால் ராத்திரி விழித்திருப்பது என்று நினைப்பீர்கள். பாதி வேலை பகலில் துடைப்பதுதான். மாற்று ஆளுக்காகக் கடலைப் பார்த்து நாள் எண்ணியவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு சொல்லாமலே புரியும். மலாயாவில், பொந்தியான் கரைக்கு எதிரே ஒரு தீவில் நானும் அருளப்பன் அண்ணனும் மட்டும்தான் காவல்.

பகல் திரை

விடிந்ததும் விளக்கைச் சுற்றித் திரை போட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெரிய கண்ணாடி வெயிலைக் குவித்துப் பொசுக்கிவிடும். வந்த புதிதில் ஒரு பக்கத்தை மூட மறந்துவிட்டேன். உள்ளே துடைத்துக்கொண்டிருந்த அண்ணனின் சட்டை முதுகில் புகை கிளம்பியது. அவர் திட்டவில்லை. சட்டையைக் கழற்றி, ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"பொண்டாட்டி கேட்டா, வெள்ளைக்காரன் மெடல் குத்துன எடம்னு சொல்லிக்கிறேன்லா."

காற்று இல்லை

ஒரு மாசியில் அண்ணனுக்குக் கடும் காய்ச்சல். கொயினா மருந்து தீர்ந்துவிட்டது. எங்கள் படகு பழுதுபார்க்கக் கரைக்குப் போயிருந்தது. மாற்று ஆளோடு மாற்றுப் படகு வரப் பத்து நாள் இருந்தது. உதவி கேட்கும் கொடியை ஏற்றினேன். காற்றே இல்லாமல் அது கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. ஒரு கப்பல், நான் மரியாதை செய்வதாக நினைத்து, தன் கொடியைத் தாழ்த்தி உயர்த்திவிட்டுப் போயே போய்விட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இன்று விளக்கை ஏற்றாவிட்டால் கரையிலிருந்து அலறியடித்து ஓடி வருவார்கள். அண்ணனிடம் சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாண்டா. கப்பல்ல உள்ளவன் செத்தா, ஆண்டவர் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

பொந்தியானில்

விளக்கை ஏற்றினேன். மறுநாள் காலையில் காற்று எழுந்து கொடி விரிந்தது. மீன் பிடிக்க வந்த மலாய்க்காரர்கள் அதைப் பார்த்துச் சம்பான் படகைத் திருப்பினார்கள். அண்ணனைத் தூக்கி அதில் கிடத்தினோம். விளக்கை விட்டு நான் கூடப் போக முடியாது. கரை சேரும் முன்பே உயிர் போய்விட்டது என்பது, மாற்றுப் படகு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்தப் படகிலேயே கிளம்பி, நேரே அவர் மனைவி அன்னம்மாவிடம் போனேன். அழுதேன். அவர் அழவில்லை.

"தெனம் பொழுது சாஞ்சதும் வாசல்ல நின்னு பாப்பேன், தம்பி. வெளக்கு எரிஞ்சுச்சு. அவரு நல்லாருக்காருன்னு சாப்புட்டுப் படுத்தேன்."

அத்தனை கஷ்டத்திலும் விளக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று மேலதிகாரி என்னைப் பாராட்டி எழுதினார். அந்தப் பாராட்டைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.