கம்பளியின் வலக் காதுச் சிடுக்கு

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சலூன் வைத்து அதன் பின்னாலேயே குடியிருப்பவரைத் தெருவே ‘தலைவர்’ என்று கூப்பிடும். தெருவில் முக்கால்வாசித் தலைகள் அவர் கையில் இருப்பதால் வந்த பட்டம். முப்பத்தொரு வருடத் தொழில். வீறிட்டு அழும் குழந்தையும் அவர் நாற்காலியில் நான்கு நிமிடத்தில் அடங்கிவிடும், கடிகாரம் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவரை ஒரு நாய் படுத்தி எடுத்தது. பேருந்து நடத்துநரான அவர் மனைவி பணிமனை வாசலில் கிடந்ததைத் தூக்கி வந்திருந்தார். அடர்ந்த சாம்பல் முடி, அதனால் பெயர் கம்பளி. மடியில் ஏறும், கையை நக்கும். தலைவர் சீப்பால் ஒரு தடவை வாரினால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடும். இதற்குள் வலக் காதின் பின்னால் முடி சிடுக்காகி, எலுமிச்சம்பழ அளவுக்கு இறுகித் தோலை இழுத்தது. புண்ணாவதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். வார விடாவிட்டால் மயக்க ஊசி போட்டுத்தான் மழிக்க முடியும்; ஆனால் அதன் பலவீனமான இதயம் ஊசியைத் தாங்குமா என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. பத்து நாள் கெடு கொடுத்தார்.

மாடியிலிருந்து இறங்கி வந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். முதல் நாள் ஐந்து முயற்சி, ஐந்தும் தோல்வி. இரண்டாம் நாள் ஆறு, அதுவும் அப்படியே. மூன்றாம் நாள் மாலை ஏழாவது ஓட்டத்தின்போது, அவர் மனைவி சீருடைகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, சீப்பை அது ஒண்ணும் சொல்லலை. வாரிட்டு உள்ளங்கையில டக்குனு தட்டுறீங்களே, அதுக்குத்தான் ஓடுது.”

“நான் எங்க தட்டினேன்?”

“சாரையே கேளுங்க.”

அன்றைக்கு ஏழு தட்டல் என்றேன். சீப்பில் ஒட்டிய முடியை உதிர்க்கும் சலூன் பழக்கம். அவருக்கே தெரியாமல் கை செய்துகொண்டிருந்தது. நானும் தட்டலை எண்ணியிருந்தேன், ஓட்டத்தையும் எண்ணியிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

தெரிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. நான்காம் நாள் கை தானாக எழுந்தது. மனைவி அந்த உள்ளங்கையில் வேகவைத்த கோழித் துண்டுகளை வைத்து, இப்போது தட்டுங்கள் பார்க்கலாம் என்றார். தட்ட இடமில்லை. ஒரு வாரலுக்கு ஒரு துண்டு. அன்று நான்கு வாரல். ஐந்தாம் நாள் பதினொன்று. ஆறாம் நாள் முப்பத்திரண்டு, வாலும் ஆடியது. நான் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். என் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஏழாம் நாள் காதைத் தொட விட்டது. எட்டாம் நாள் தலைவர் சிடுக்கில் சோளமாவு தூவி, தோல் இழுபடாமல் வேரைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரித்தார். பாதி அவிழ்ந்தது. கோழித் துண்டுகள் மனைவியின் கைக்கு மாறியிருந்தன. தட்டல் ஒன்றுகூட இல்லை.

ஒன்பதாம் நாள் மாலை 5.40க்குத் தொடங்கினார். 6.05க்கு மிச்சச் சிடுக்கும் முழுதாகச் சீப்போடு வந்தது. அடியில் இளஞ்சிவப்புத் தோல், புண் எதுவும் இல்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் மாவு.

ஊசி வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்ல ஃபோனை எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. கம்பளி அவர் கைமேல் கன்னத்தை வைத்து, இடக் காதைக் காட்டிக்கொண்டிருந்தது.

“நீயே பேசு,” என்றார் மனைவியிடம். “எனக்கு கஸ்டமர் உட்கார்ந்திருக்கு.”