ஆற்றல்: பூஜ்ஜியம்

அத்தானுக்குச் சர்க்கரை வந்த அன்றே வீட்டைவிட்டுச் சர்க்கரை வெளியேறியது. வெளியேற்றியவள் என் அக்கா. சீனி டப்பா மட்டுமா, தேன், வெல்லம், ஜாம் எல்லாம் போயிற்று. "வெல்லம் நல்லதுதானே, அது மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே" என்று அத்தான் கெஞ்சினார். "ரத்தத்துக்குள்ள போயிட்டா வெள்ளை, பழுப்புன்னு பேதம் கிடையாது" என்று அக்கா ஒரே போடாகப் போட்டாள்.

அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. உணவுப் பொட்டலங்களுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறாள். முகப்பில் 'வெள்ளைச் சர்க்கரை இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் குளுக்கோஸ் பாகு, பேரீச்சம்பழப் பாகு என்று பொடி எழுத்தில் வரிசை கட்டி நிற்கும். "எல்லாம் ஒரே ஆளுதான்டி, சட்டையை மாத்திக்கிட்டு வர்றான்" என்பாள்.

வாசலிலேயே எல்லார் பையையும் துழாவுவாள். அதனால் அத்தான் அவளுக்கு வைத்த பெயர் சுங்கம். "சுங்கம் வருது, வாயைத் துடை" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவருடைய காபிக்குக் கிடைத்தது, சட்டைப் பித்தானைவிடச் சின்னதாக இரண்டு இனிப்பு மாத்திரை.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கருவிப் பையின் அடியில், ஸ்பேனர்களுக்குக் கீழே, எண்ணெய்த் துணியில் சுற்றி ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். வாங்கிக் கொடுத்தவள் நான்தான். பாவம், நாளைக்கு நாலு மிட்டாயில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாலு என்று அவர் சொன்னதை நம்பியதற்கும் சேர்த்து.

பரிசோதனைக்குப் பரிசோதனை அளவு ஏறிக்கொண்டே போனது. அக்கா பழத்தை நிறுத்தினாள், சோற்றை அளந்து போட்டாள். அப்படியும் இறங்கவில்லை. "எங்கடி தப்புப் பண்றேன்?" என்று ஒருநாள் என்னிடம் அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருத்துவர் ஊசி மருந்தைக் கூட்டி எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே இருந்தேன். அத்தான் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரும்போது போன் வந்தது. எதிர்க் கட்டடத்து லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "அஞ்சு நிமிஷம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. நாற்காலியில் சரிந்து, "நீ யாரு?" என்று அக்காவைக் கேட்டார். அவர் விளையாடவில்லை.

"சர்க்கரை இறங்கிடுச்சு! இனிப்பா ஏதாவது குடுக்கணும்!" என்று கத்திக்கொண்டே அக்கா சமையலறைக்கு ஓடினாள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஆறு இனிப்பு மாத்திரைகளைக் கரைத்துக் குடிக்க வைத்தாள். நடுக்கம் நிற்கவில்லை. கண் செருக ஆரம்பித்தது. இன்னும் ஆறு போட டப்பாவை எடுத்தவள், பழக்கதோஷம், லேபிளைப் படித்தாள்.

"ஆற்றல், பூஜ்ஜியம்" என்று வாய்விட்டுப் படித்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இது நாக்கை மட்டும்தான்டி ஏமாத்தும். ரத்தத்துல ஏற இதுல ஒண்ணுமே இல்ல! வீட்ல ஒரு துளி சர்க்கரை இல்லையே, நானே தூக்கிப் போட்டேனே!"

நான் கருவிப் பையைத் தரையில் கவிழ்த்தேன். துணியை அவிழ்த்து, கையில் அகப்பட்ட மிட்டாய்களைச் சுத்தியலால் நொறுக்கித் தண்ணீரில் கரைத்தேன். அக்கா வாங்கி, மடக்கு மடக்காகப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அத்தான் தரையில் கிடந்த மிட்டாய்க் காகிதங்களைப் பார்த்தார். "மாட்டிக்கிட்டோம்" என்றார் என்னிடம்.

"எத்தனை நாளா?" என்றாள் அக்கா.

"ரெண்டு வருஷமாக்கா. தினம் நாலுதான்."

அக்கா அவரைப் பார்த்தாள். "பன்னெண்டு" என்றார் அத்தான்.

"அந்தப் பன்னெண்டுக்குத்தான் ஊசியைக் கூட்டினாங்க" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவரைக் காப்பாற்றியதும் நான் வாங்கிய மிட்டாய்தான், அந்த நிலைக்குக் கொண்டுவந்ததும் அதுதான். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாளே மருத்துவரிடம் மூவரும் போய் உண்மையைச் சொன்னோம். மிட்டாய் நின்றது, ஊசி மருந்தும் குறைந்தது. அடுத்த ஞாயிறு அக்கா வழக்கம்போல வாசலில் என் பையைத் துழாவினாள். பிறகு ஒரு சின்ன டப்பாவை என் கையில் வைத்தாள். உள்ளே சீனி.

"அவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. இது உன்கிட்ட."

"என்னை நம்பியா குடுக்கறே?"

"வேற யாரை நம்பறது? அன்னிக்கு நானும் ஒண்ணும் கிழிச்சிடலையே" என்றாள்.

டப்பாவின்மேல் அவள் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: 'சர்க்கரை. நடுகினால் மட்டும்.' ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் பிழை விட்டு நான் பார்த்ததே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அவள் விரல்கள் இன்னும் நடுங்குவதைப் பார்த்ததும், டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.