திரிக்கு வரி உண்டா?

என் சித்திக்குக் கூட்டத்தில் பேச வராது. ரேஷன் கடையில் சர்க்கரை கம்மியாகப் போட்டால்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்க என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் கல்யாண மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த வியாபாரிகளுக்கு நடுவில் எழுந்து நின்றாள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவளை உட்காரச் சொல்லி முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி திருவண்ணாமலையில் ஒரு சந்துக்குள் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து விளக்குத் திரி செய்துகொண்டிருந்தாள். ஏழு பெண்கள் அவளிடம் வேலை செய்தார்கள். பஞ்சைப் பிரித்து, விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டு, ஒரே உருட்டில் திரியாக்கிவிடுவார்கள். அவர்களில் கஸ்தூரி அக்காவின் கைதான் வேகம். அவர் மகள் சுமதி என் வகுப்பு. பள்ளி விட்டதும் நாங்கள் இருவரும் அந்த அறைக்குப் போய்ப் பஞ்சு மூட்டைமேல் விழுந்து புரளுவோம். சித்தி திட்டுவாள், அதுவும் மெதுவாகத்தான்.

திரி முழுவதையும் தேரடித் தெருவில் இருந்த பூஜை சாமான் மொத்தக் கடைக்காரர் ஒருவர்தான் வாங்கிக்கொள்வார். அந்த வருஷம் பழைய வரியெல்லாம் போய் ஜிஎஸ்டி வந்தது. ஊரில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். யாருக்கும் அது முழுதாகத் தெரிந்ததாகத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம், காலையில் அனுப்பிய திரி மூட்டை அப்படியே ஆட்டோவில் திரும்பி வந்தது. பின்னாலேயே கடைக்காரரும் வந்தார். நல்ல மனுஷர். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

“கோவிச்சிக்காதம்மா. ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவங்ககிட்ட சரக்கு எடுத்தா, அந்த வரிய நான்தான் கட்டணுமாம். ஆடிட்டர் வேணாம்னுட்டாரு.”

“திரிக்கு எவ்ளோ வரிங்க?”

“அது யாருக்கும்மா தெரியும்? கற்பூரத்துக்கு இருக்கு, ஊதுபத்திக்கு இருக்கு. திரிய மட்டும் சும்மாவா விட்டிருப்பாங்க?”

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சித்தியும் தலையாட்டினாள். ஒரு வாரம் பெண்கள் வழக்கம்போல வந்து திரித்தார்கள். மூட்டைகள் கூரை வரைக்கும் ஏறின. அதற்கு மேல் பஞ்சு வாங்க வழியில்லாமல், “சொல்லி அனுப்புறேன், அப்ப வாங்க” என்று சித்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினாள். எனக்கு அது லீவு விட்ட மாதிரி இருந்தது. மூட்டைகள் அத்தனையும் ஏறிக் குதிப்பதற்குக் கிடைத்தன.

இரண்டு வாரம் கழித்து, வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் புது வரியைப் பற்றி அதிகாரிகள் விளக்கப்போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். கைப்பையில் ஒரு கட்டுத் திரி வைத்திருந்தாள்.

மண்டபத்தில் ஒரே ஆண்கள். இரும்புக் கடை, ஜவுளிக் கடை, லாட்ஜ் முதலாளிகள். ஒருவர் எழுந்தால் அவர் முடிப்பதற்குள் நான்கு பேர் எழுந்தார்கள். மேடையில் இருந்த அதிகாரி ஒரு பெண்மணி. தொண்டை கட்டிப்போயிருந்தது, ஆனாலும் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு மணி நேரம் ஆனது. சித்தி எழுந்திருக்க முயல்வதும் உட்கார்வதுமாக இருந்தாள். அவள் உள்ளங்கை வேர்த்து, கையில் வைத்திருந்த திரி நனைந்துவிட்டது. “போலாம் சித்தி” என்று நான் நச்சரித்தேன். அப்போதுதான் எழுந்தாள்.

“மேடம், திரிக்கு வரி உண்டுங்களா?”

யாருக்கும் கேட்கவில்லை. சித்தி நடுவழிக்கு வந்து, அந்தத் திரிக்கட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

“இதுக்குங்க! விளக்குத் திரி! இதுக்கு வரி உண்டா?”

மண்டபமே சிரித்தது. “பட்டாசுத் திரியாம்மா?” என்றார் ஒருவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி கையை இறக்கவில்லை. “ஏழு பேருக்கு வேலை நின்னுபோச்சு மேடம். உண்டுனா கட்டிடுறேன். இல்லனா இல்லனு ஒரு பேப்பர் குடுங்க” என்றாள். நிறுத்தாமல் கடைசி வரைக்கும் சொல்லிவிட்டாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. தடித்த ஒரு புத்தகத்தைப் புரட்டினார். விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். மண்டபம் மெல்ல அடங்கியது.

“விளக்குத் திரி, வரி இல்லை” என்று மைக்கில் வாசித்தார். “இத மட்டும் விக்கிறவங்க பதிவும் பண்ண வேண்டியதில்லம்மா. உங்ககிட்ட வாங்குறவங்களுக்கும் இதுல தொல்லை இல்ல.”

அன்றைக்கு அந்த மண்டபத்தில் வரியே இல்லை என்று கேட்டுக்கொண்டு போனவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். எங்களைத் திரும்பிப் பார்த்தவர்கள் முகத்தில் சிரிப்பு போய் வேறொன்று வந்திருந்தது. முன்வரிசையில் இருந்த எங்கள் மொத்தக் கடைக்காரரே எழுந்து வந்து, “நாளைக்கே மூட்டைய அனுப்பும்மா” என்றார். சித்தி விடவில்லை. அதிகாரியிடம் கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அவர் கையில் ஒன்று கொடுத்த பிறகுதான் மண்டபத்தை விட்டு இறங்கினாள்.

அதன்பின் சித்தி அந்தத் தாளோடு தேரடித் தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினாள். எதற்கு எவ்வளவு வரி என்று தெரியாமல் பயந்துபோயிருந்த கடைக்காரர்கள், ஒரு பொருளுக்காவது தொல்லை இல்லையே என்று வாங்கினார்கள். கார்த்திகை தீபம் வருவதற்குள் தேங்கியிருந்த மூட்டைகள் காலியாகிவிட்டன. இன்றைக்கு அதே சந்தில் மாடியும் கீழுமாகப் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். சித்தி இப்போதும் சத்தமாகப் பேசுவதில்லை. ஆனால் அவள் வாயைத் திறந்தால் தெருவே காது கொடுக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது மண்டபத்திலிருந்து திரும்பிய அந்த மாலையைப் பற்றி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சித்தி வீட்டுக்குப் போகவில்லை. முதலில் கஸ்தூரி அக்காவிடம்தான் சொல்லவேண்டும் என்று வேகவேகமாக நடந்தாள். எனக்கும் சந்தோஷம். சுமதி நாலு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை; காய்ச்சல் என்று நினைத்திருந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“அவங்க மெட்ராசுக்குப் போயிட்டாங்களே. கட்டட வேலைக்கு மேஸ்திரி ஒருத்தரு கூட்டிட்டுப் போனாரு. பொண்ணையும் கூட்டிக்கிட்டுதான் போனாங்க.”

“எப்ப வருவாங்க?”

“சொல்லலியே. அடுப்பு, பாத்திரமெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

சித்தி அந்தப் பூட்டின் முன்னால் வெகுநேரம் நின்றாள். ஜெயித்துவிட்டு வந்த நாளில் அவள் ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லாமல் போனதற்காகச் சுமதிமேலும் கோபம். ஆனால் அவள் கடல் பார்த்திருப்பாளே என்று நினைத்ததும் அது பொறாமையாக மாறிவிட்டது. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவாள், அப்போது எனக்கும் சிப்பி கொண்டுவருவாளா என்று யோசித்துக்கொண்டே, சித்தியின் பின்னால் நானும் நடந்தேன்.